தம்பானூரின் சுருள் கோபுரம்

நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ் தம்பானூரில் பயணிகளை இறக்கிவிடுகிறது. எதிரே 1931-ல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் கல் கட்டடம், சமஸ்தான காலத்துக் கம்பீரத்துடன் நிற்கிறது. இந்தப் பக்கம் 2014-ல் திறக்கப்பட்ட பல மாடி பஸ் நிலைய வளாகம். இரண்டையும் எங்கோ பார்த்தது போலத்தான் இருக்கும். முதல்முறை வருகிறவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்ப்பது இவற்றை அல்ல. பஸ் நிலையத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில், உடம்பெல்லாம் ஓட்டைகளுடன், திருகித் திருகி மேலே போகும் ஓர் உருளையைத்தான்.

தண்ணீர்த் தொட்டியா? சூளையா? யாரோ பணக்காரர் ஆசைக்குக் கட்டிய புறாக் கூண்டா? வாசலில் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையுமாக ஒருவர் தட்டுகளோடு குறுக்கே போகும்போதுதான் விஷயம் புரிகிறது. இது இந்தியன் காபி ஹவுஸ். ஒருகாலத்தில் மாவேலி கபே என்றும் பெயர். ஓணத்துக்கு ஓணம் மக்களைப் பார்க்க வரும் மகாபலி ராஜாவின் பெயர்.

விசித்திரக் கட்டடங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் 1931-ல் ஒரு வாத்துப் பண்ணைக்காரர் தன் கடையையே பெரிய வாத்து உருவத்தில் கட்டினார். சாலையில் போகும் கார்கள் நிற்க வேண்டும், வாத்து விற்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ராபர்ட் வென்ச்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் இன்னொருவருடன் சேர்ந்து 1972-ல் எழுதிய புகழ்பெற்ற நூலில், உருவத்தையே விளம்பரமாக்கும் கட்டடங்களுக்கு 'வாத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் தேசிய மீன்வள வாரியத்தின் அலுவலகம் மீன் வடிவத்தில் நிற்கிறது. சென்னையில் 1976-ல் திருவள்ளுவருக்குக் கல்லில் தேர் எழுந்தது.

தம்பானூர் கட்டடத்தைப் பார்த்ததும் இந்த வரிசையில் சேர்த்துவிடத் தோன்றும். பல பயணக் குறிப்புகள் அப்படித்தான் சேர்க்கின்றன. ஆனால் அது காபிக் கோப்பை போல் இல்லை. காபிக் கொட்டை போலும் இல்லை. எதைப் போலவும் இல்லை. வேடிக்கைக்காக அதில் எதுவும் செய்யப்படவில்லை என்பதுதான் அதன் வேடிக்கை. அந்த வடிவத்துக்குப் பின்னால் இருப்பது பச்சைக் கணக்கு.

கணக்குப் போட்டவர் லாரி பேக்கர். முழுப் பெயர் லாரன்ஸ் வில்பிரட் பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை படித்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் ஆயுதம் ஏந்த மாட்டார்கள். எனவே இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கிக்குப் பதில் மருந்துப் பெட்டியுடன் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளிடையே வேலை. ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அந்த நாட்களில்தான் காந்தியைச் சந்தித்தார்.

பேக்கர் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. பேச்சு தொடங்கியது கட்டடத்தைப் பற்றி அல்ல, செருப்பைப் பற்றி. சீனாவில் கந்தல் துணிகளை அடுக்கித் தைத்த செருப்பு ஒன்றை அவர் போட்டிருந்தார். காந்தியின் கண் அதன் மேல் போயிற்று. கழித்துப் போட்ட துணியில் காலணி செய்கிறவர்கள் மேல் காந்திக்கு ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை. லட்சிய கிராமத்தின் வீடு, சுற்றிலும் ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருட்களால் கட்டப்பட வேண்டும் என்ற காந்தியின் கருத்து பேக்கரின் மனதில் தங்கிவிட்டது. இளம் வயதில் அது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சாகத் தோன்றியதையும், அதன் நியாயம் பின்னால்தான் புரிந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார்.

1945-ல் தொழுநோயாளிகளுக்கான மிஷனின் கட்டடக் கலைஞராக அவர் மீண்டும் இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைத் திருமணம் செய்துகொண்டார். தேனிலவுக்கு இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட் பக்கம் போன தம்பதி, டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் வந்துகொண்டே இருந்ததால் அங்கேயே மருத்துவமனை நடத்தி 16 வருடங்கள் தங்கிவிட்டார்கள். பர்மிங்ஹாமில் படித்த படிப்பு அந்த மலையில் உதவவில்லை. சிமென்ட் ஏறாத உயரம். இரும்பு வாங்கப் பணமில்லை. மலைவாசிகளோ கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துப் பூகம்பத்துக்கும் பனிக்கும் தாங்குகிற வீடுகளைத் தலைமுறைகளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டதாரி, பட்டம் இல்லாதவர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். நம் ஊரில் இது அபூர்வம். வெள்ளைக்காரர்களிடம் இன்னும் அபூர்வம்.

1963-ல் கேரளத்தின் வாகமண் மலை. பிறகு, 1970-ஐ ஒட்டி, திருவனந்தபுரம். அப்போது அங்கே ஒரு நல்ல கூட்டணி அமைந்தது. முதல்வர் அச்சுத மேனன். பொருளாதார நிபுணர் கே.என். ராஜ், பேக்கர். ராஜ் 1971-ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு உள்ளூரில் பேக்கர் கட்டிய வளாகத்தைப் பார்த்துத்தான், செலவைச் சுருக்கினால் அழகு குறைய வேண்டியதில்லை என்று அரசாங்கமே நம்பத் தொடங்கியது. (இந்த 'உள்ளூர்' திருவனந்தபுரத்தில் ஒரு பேட்டையின் பெயர். தமிழர்கள் முகவரி கேட்டுக் குழம்புவது வழக்கம்.) தம்பானூர் காபி ஹவுஸ் இந்த ஊருக்கு அவர் குடிவந்த பிறகு கட்டியவற்றில் ஒன்று. ஆராய்ச்சியாளர்களும் அதிகாரிகளும் வந்து பார்க்கும் கட்டடங்களைவிட அதிகமான கால்கள் அதில்தான் ஏறி இறங்கியிருக்கும்.

இப்போது அந்தக் கணக்கு.

நூறு அடி நீளத்துக்குச் சுவர் கட்டச் செங்கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சதுரமாகக் கட்டினால் உள்ளே கிடைக்கும் இடம் 625 சதுர அடி. அதே சுவரை வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய 796 சதுர அடி. ஒரு செங்கல் கூட அதிகம் செலவில்லாமல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இடம் லாபம். வளைவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு காகிதத்தை நேராக மேசைமேல் நிறுத்திப் பார்த்தால் விழுந்துவிடும். சுருட்டி நிறுத்தினால் நிற்கும். சுவரும் அப்படித்தான். மெல்லியதாக இருந்தாலும் வளைந்த சுவர் தானே தன்னைத் தாங்கும்.

அடுத்தது இடநெருக்கடி. பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் நிலத்தை அகலமாக நினைத்துப் பார்க்க முடியாது. மேலேதான் போக வேண்டும். மாடி மேல் மாடி வைத்தால் படிக்கட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும். அங்கே யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பேக்கர் படிக்கட்டையே ஹோட்டல் ஆக்கிவிட்டார். மாடி என்று தனியாக எதுவும் இல்லை. நடுவில் ஓர் உருளை. அதைச் சுற்றிக்கொண்டு ஒரே சரிவுப் பாதை தரையிலிருந்து மேல்வரை போகிறது. பாதையின் வெளி ஓரத்தில், சுவரை ஒட்டி, கட்டிவைத்த மேசைகளும் இருக்கைகளும். தரை சாய்கிறது, மேசை சாய்வதில்லை. காபி சிந்தாது.

நியூயார்க்கின் குகென்ஹைம் அருங்காட்சியகமும் இதே போல் சுருள் பாதைதான். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1959-ல் திறந்தது. சாய்ந்த தரை, வளைந்த சுவரில் படங்களை எப்படி மாட்டுவது என்று 21 ஓவியர்கள் 1956-லேயே எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். தம்பானூரில் அந்தத் தொல்லை இல்லை. மசாலா தோசை எந்தச் சுவரிலும் தொங்கப் போவதில்லை.

மேசை நாற்காலிகள் கட்டடத்தோடு கட்டடமாக இருப்பதிலும் சிக்கனம் உண்டு. வாங்க வேண்டாம், உடையாது, யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. மெத்தை கேட்கிறவர்கள் நட்சத்திர ஹோட்டலுக்குப் போகலாம். ஒருவேளை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருக்கை கொஞ்சம் கடினமாக இருப்பது நல்லதுதான். சாப்பிட்டவர் எழுந்தால்தானே காத்திருப்பவர் உட்கார முடியும்.

சுவரெங்கும் உள்ள ஓட்டைகளுக்கு வருவோம். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர் அது. வடக்கே இதற்கு 'ஜாலி' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்றாலும், இந்தக் கட்டடத்துக்கு அதுவும் பொருந்துகிறது. ஜன்னல் என்றால் மரச்சட்டம் வேண்டும், கண்ணாடி வேண்டும், கம்பி வேண்டும், கொண்டி வேண்டும், வருஷா வருஷம் பெயின்ட் வேண்டும். செங்கல் ஓட்டைக்கு ஒன்றும் வேண்டாம்; உண்மையில் சில செங்கற்கள் மிச்சம். காற்று தடையில்லாமல் வரும், வெயில் துண்டு துண்டாக வரும். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. திருவிதாங்கூருக்கு இது புதிதும் அல்ல. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரச் சல்லடைகள் வழியே அரச குடும்பத்துப் பெண்கள் வெளியே பார்த்ததும் இதே வித்தையால்தான். அரண்மனையில் இருந்தது பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கும் கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

பேக்கரின் மற்றக் கட்டடங்களிலும் இதே மனம் தெரியும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். நடுவில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டில் பாரம் மட்டுமே ஏற்றும் பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் புதைத்துவிட்டால் சிமென்ட் மிச்சம். பயன்படுத்திய உறைகளின் முதுகில் படம் வரைகிறவருக்கு இவையெல்லாம் இயல்பாகத் தோன்றியிருக்கும்.

கட்டடத்தின் கதை இவ்வளவு. அதற்குள் குடியிருப்பவர்களின் கதை இதைவிடக் காரமானது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் இந்தியக் காபிக்கு வெளிநாட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. தோட்ட முதலாளிகள் தவித்தார்கள். உள்நாட்டிலேயே குடிக்கப் பழக்குவோம் என்று காபி வரிக் குழு 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. பிறகு ஊர் ஊராகக் கிளைகள். கல்கத்தா கல்லூரித் தெருவில் கவிஞர்களும், டெல்லியில் அரசியல்வாதிகளும் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு அரை நாள் பேசியது இந்த மரபில்தான். 1950-களின் மத்தியில், காபி வாரியத்துக்கு இனி இவை வேண்டாம் என்று தோன்றிற்று. காபி பழகிவிட்டது, கடைகளை மூடலாம். பரிமாறியவர்கள்? அவர்களுக்கு நோட்டீஸ்.

அங்கேதான் ஏ.கே. கோபாலன் வருகிறார். கண்ணூர்க்காரர், கம்யூனிஸ்ட், மக்களவையில் நேருவுக்கு எதிரே உட்கார்ந்தவர். கடையை மூடாதே என்று கோஷம் போடுவதோடு அவர் நிற்கவில்லை. கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று தொழிலாளர்களிடம் சொன்னார். நேற்றுவரை தட்டு தூக்கியவர்கள் கணக்கெழுதக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1957-ல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதே வருடம் அக்டோபரில் டெல்லியில் தொழிலாளர்களின் கடை திறந்தது. கேரளத்தில் 1958 மார்ச் 8-ம் தேதி திருச்சூரில் முதல் கடை; திறந்துவைத்தவர் கோபாலனேதான். அங்கே சங்கத்தைக் கட்டி வளர்த்தவர்களில் முக்கியமானவர் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை. வேலையிழந்த காபி ஹவுஸ் ஊழியர்களில் ஒருவர். பிற்காலத்தில் 'காபி ஹவுஸ் பிள்ளை' என்றே அறியப்பட்டவர். பெயர் ஏறக்குறைய அதேதான். பழைய 'இந்தியா' காபி ஹவுஸ் 'இந்தியன்' காபி ஹவுஸ் ஆயிற்று. ஓரெழுத்து மாற்றத்தில் முதலாளி மாறிவிட்டார்.

ஆகவே அந்தத் தலைப்பாகையைப் பார்த்து 'வெள்ளைக்காரன் காலத்து அடிமைச் சின்னம்' என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்கலாம். அதைக் கட்டிக்கொண்டிருப்பவர் சங்கத்தின் உறுப்பினராக இருக்கலாம். அதாவது, சர்வர் என்று கைதட்டிக் கூப்பிடப்படுகிறவர் கடையின் பங்குதாரர். சீருடையை மாற்றாமல் உரிமையை மாற்றிக்கொண்ட அபூர்வமான ஏற்பாடு.

காபியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்தில் வளர்ந்த நாக்குக்கு அது சுமார்தான். டபராவும் இல்லை, நுரையும் இல்லை. மசாலா தோசையைப் பிரித்தால் உள்ளே ரத்தச் சிவப்பில் பீட்ரூட் எட்டிப் பார்க்கும். கட்லெட்டிலும் அதே சிவப்பு. முதல்முறை பார்க்கும் தமிழர் சற்றுத் திடுக்கிடுவார். இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். மலையாளிகளுக்கோ பீட்ரூட் இல்லாத காபி ஹவுஸ் தோசை தோசையே அல்ல.

தமிழருக்கு இந்த ஊர் வெளியூர் என்று சொல்வதும் கஷ்டம். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தான். எல்லை மாறிய பின்னும் பஸ் மாறவில்லை; 1979-ல் ரயிலும் வந்தது. சாலைத் தெருவில் தமிழ் கேட்காத நாள் கிடையாது. இன்று தென் மாவட்டங்களிலிருந்து தம்பானூரில் இறங்குகிறவர்களில் பத்மநாப சுவாமியைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் இல்லை. 1981-ல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் வருகிறவர்கள் உண்டு. எக்ஸ்ரே உறை கையில், தூக்கம் இல்லாத கண், இன்னும் எத்தனை நாள் தங்க வேண்டுமோ என்று தெரியாத பணப்பை. இப்படி ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் வாசல் அவரைப் பயமுறுத்தக் கூடாது. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த கடை பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இங்கே பூசாத செங்கல். யாருக்கும் தயக்கம் வராது. அவருக்குப் பக்கத்து மேசையில், பேக்கரைப் பார்க்கவென்றே பிரான்சிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கட்டடக் கலை மாணவர் சல்லடைச் சுவரை ஸ்கெட்ச் போட்டுக்கொண்டிருப்பார்.

சமீப வருடங்களில் மூன்றாவது ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. செல்போனில் படம் எடுக்கவே வருகிறவர்கள். சரிவின் நடுவில் நின்று சிரிக்கிறார்கள். இரண்டு கையிலும் தட்டு ஏந்தி இறங்கும் சர்வர் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. பேக்கரின் கட்டடத்தில் குறை சொல்ல வேண்டுமானால் அது இந்தச் சர்வரின் காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். படியைவிடச் சரிவு தேவலாம், தட்டு குலுங்காது. ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவது? வாடிக்கையாளர் ஒருமுறை சுற்றி வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். சர்வருக்கு அது மலையேற்றம். முழங்கால் வலிக்கிற முதியவர்களும் கீழ்ச் சுற்றிலேயே இடம் தேடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் ஊரெங்கும் பரவவில்லை? பேக்கருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது, 1990-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாராட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் காபி ஹவுஸின் மற்றக் கிளைகள் பெரும்பாலும் சாதாரணக் கட்டடங்களில்தான் இயங்குகின்றன. ஒரு காரணம் வெளிப்படையானது. கட்டடத்தின் மொத்தச் செலவில் சதவீதக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலில், செலவைக் குறைக்கிறவர் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். பேக்கர் இதைச் சொல்லிக் காட்டத் தயங்கியதில்லை. இன்னொரு காரணம் கொத்தனார்களுக்குத் தெரியும். பூச்சு வேலை தப்பை மறைக்கும். பூசாத சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் சாட்சி. கை தேர்ந்தவர் வேண்டும், நேரம் வேண்டும். கேரளத்தில் கூலி ஏற ஏற அந்த நேரம் விலை உயர்ந்ததாயிற்று. சிக்கனமாகத் தொடங்கிய பூசாத செங்கல், இன்று வசதியுள்ளவர்களின் வாரயிறுதி வீடுகளில் நாகரிகமாகியிருப்பது விதியின் குறும்பு.

செங்கல்லே கூடக் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அதற்கு மண் வயலிலிருந்து வர வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். நெல்வயல்களையும் நீர்நிலைகளையும் காக்கக் கேரளம் 2008-ல் சட்டம் கொண்டுவந்த பிறகு வயல்மண் எடுப்பது சுலபமில்லை. ஐந்து மைலுக்குள் கிடைப்பதைக் கொண்டு கட்டு என்ற காந்தியின் விதியை இன்றைய தம்பானூரிலிருந்து அளந்தால், கைக்கு எட்டுவது இடித்துப்போட்ட பழைய கட்டடங்களின் கல்லும் ஓடும்தான் என்று சில இளம் கட்டடக் கலைஞர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். பேக்கருக்கு அது பிடித்திருக்கும். அவரும் பழைய பொருட்களை வாங்கிப் பயன்படுத்தியவர்தான். 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90 வயதில், நாலாஞ்சிறையில் தான் கட்டி, மாற்றி, ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்த வீட்டில் காலமானார்.

காபி ஹவுஸில் ஒட்டுப் போட வழியில்லை. வட்டத்தை விரிக்க முடியாது, கான்கிரீட் மேசையை நகர்த்த முடியாது. கூட்டமான காலை வேளையில் ஒரு குடும்பம் ஏழெட்டுப் பேராக வந்து சேர்ந்தால் ஒரே மேசையில் அடங்காது. பெரியவர்கள் ஒரு மேசையில், பிள்ளைகள் அதற்கு அடுத்ததில், மாமா இன்னும் கொஞ்சம் மேலே. பில் எந்த மேசைக்கு என்று சர்வர் கீழிருந்து கேட்க, மாமா மேலிருந்து கையைத் தூக்குவார்.